பதினைந்தாம் தேதி பாடியவர்

1966 அக்டோபர் 15ஆம் தேதி இரவு, சான்பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில், ஜெஃபர்சன் ஏர்பிளேன் என்ற ராக் குழுவுக்காகச் சிக்னி ஆண்டர்சன் கடைசியாகப் பாடினார். மறுநாள் அதே அரங்கில் அவருடைய இடத்தில் கிரேஸ் ஸ்லிக் நின்றார். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஹாலிவுட்டில் ஆல்பத்தின் ஒலிப்பதிவு தொடங்கியது. 1967 பிப்ரவரியில் ‘சர்ரியலிஸ்டிக் பில்லோ’ வெளிவந்தது. குழுவின் இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பம் அது. பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. சைக்கடெலிக் காலத்தின் பெண்குரல் என்றால் இன்றும் பலர் முதலில் சொல்வது இந்த ஆல்பத்தைத்தான்.

சிக்னி ஏன் போனார்? அந்த ஆண்டுதான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. கைக்குழந்தையோடு ஊர் ஊராகப் போய்ப் பாட முடியவில்லை. ராக் வரலாறுகளில் இது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. நானும் அந்த வாக்கியத்தைப் பலமுறை வாசித்துக் கடந்திருக்கிறேன்.

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில், ஆங்கிலத் துறையில் படித்த விடுதித் தோழி ஒருத்தி கொடுத்த குறுந்தகட்டில்தான் இந்த ஆல்பத்தை முதலில் கேட்டேன். அப்போது எனக்குக் கிரேஸ் மட்டுமே கேட்டார். கெஞ்சாத ஒரு பெண்குரல் அது. கணவரும் கொழுந்தனாரும் இருந்த ‘தி கிரேட் சொசைட்டி’ குழுவை விட்டு வந்தவர், வரும்போது இரண்டு பாடல்களைக் கொண்டுவந்தார். அந்த இரண்டுதான் இந்தக் குழுவைப் பில்போர்டின் முதல் பத்துக்குள் கொண்டுபோயின.

அகப்பாடல் நடத்தும்போது மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, “இது யார் கூற்று?” என்பதுதான். எழுதியவர் யார் என்பது வேறு, பாட்டுக்குள் வாய்திறப்பவர் யார் என்பது வேறு. இந்தக் கேள்வியோடு ஆல்பத்தைக் கேட்டால் சில விஷயங்கள் துலங்கும். மொத்தம் பதினொரு தடங்கள். ஒன்று வெறும் கிட்டார் இசை. மீதிப் பத்துப் பாடல்களில் ஒரு பெண் எழுதியது ஒன்றே ஒன்று. மார்ட்டி பாலின், பால் கான்ட்னரோடு சேர்ந்து எழுதிய ‘டுடே’, தனியாக எழுதிய ‘கம்மிங் பேக் டு மீ’ இரண்டும் உருக்கமான காதல் பாடல்கள். அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பெண் என்பவள் நினைக்கப்படுகிறாள், காத்திருக்கப்படுகிறாள், பேசுவதில்லை. இரண்டாவது பாட்டில் கிரேஸ் ரெக்கார்டர் என்ற மரக்குழலை ஊதுகிறார். மூச்சு அவருடையது, சொல் பாலினுடையது.

‘சம்படி டு லவ்’ பாட்டை எழுதியவர் கிரேஸின் கொழுந்தனார் டார்பி ஸ்லிக். காதல் முறிந்த ஓர் ஆணின் மனக்குறையாகப் பிறந்த பாட்டு அது. கிரேஸ் அதைப் பாடும்போது துயரம் கேள்வியாகிக் கேட்பவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. எழுத்தை மாற்றாமல் கூற்றை மட்டும் மாற்றுவது எப்படி என்று நான் கற்றது இந்தப் பாட்டில்தான்.

‘ஒயிட் ராபிட்’ அவரே எழுதியது. இரண்டரை நிமிடம் ஓடும் பாட்டு. ஜாக் கசடியின் பேஸ் கிட்டார் தாழ்வாகத் தொடங்க, படைநடை போல முரசு சேர்ந்துகொள்ள, பொலேரோ தாளத்தில் குரல் படிப்படியாக ஏறுகிறது. பல்லவி என்று திரும்பி வர எதுவும் இல்லை. ஏறிய உச்சியிலேயே பாட்டு நின்றுவிடுகிறது. ஆலிஸின் அற்புத உலகக் கதையைத் தாங்களே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு பிள்ளைகள் ஏன் போதையை நாடுகிறார்கள் என்று வியக்கும் பெற்றோரை நோக்கியே இதை எழுதியதாகக் கிரேஸ் சொல்லியிருக்கிறார். போதையை விடுதலையாகக் கொண்ட அந்தக் காலத்தின் மயக்கம் எனக்கு உவப்பில்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் ஒரு பெண், கதை கேட்கும் சிறுமியாக இல்லாமல் கதை சொல்பவளாக, கட்டளையிடுபவளாக நிற்கிறாள். அதற்கு அடுத்து, ஆல்பத்தை முடித்துவைக்கும் பாட்டு எது தெரியுமா? பிளாஸ்டிக்கும் மின்விளக்குமாகச் செய்த ஒரு காதலியைப் பற்றி பாலின் எழுதியது. பேசிய பெண் முடித்தவுடன் பேசாத பெண் வந்துவிடுகிறாள்.

சிக்னியை நான் தேடிக் கேட்டது மிகப் பின்னால். என் முதல் கவிதைத் தொகுப்பு வந்த ஆண்டில் மகள் பிறந்தாள். இரண்டாவது தொகுப்புக்குப் பதினொரு ஆண்டுகள் ஆயின. இடையில் கவியரங்க மேடைகளில் என் இடத்தில் வேறு பெண்கள் வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. என்னை யாரும் போகச் சொல்லவுமில்லை. இருக்க வழி செய்யவுமில்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டுகளில் ஒருநாள்தான் அந்த ஒற்றை வாக்கியம் என்னைத் தடுத்து நிறுத்தியது.

முதல் ஆல்பத்தில் சிக்னி தனியாகப் பாடிய ‘ஷோஃபர் ப்ளூஸ்’ இருக்கிறது. மெம்பிஸ் மின்னி என்ற கறுப்பினப் பாடகி 1941இல் பதிவுசெய்த பாட்டு அது. ஒரு பெண்ணின் இடத்தைத் தோண்டினால் கீழே இன்னொரு பெண் இருக்கிறார். சிக்னியின் குரல் கனமானது, மண்ணில் ஊன்றி நிற்பது. கிரேஸுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. 1996இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் இந்தக் குழுவில் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டது. சிக்னி அந்த ஆறில் இல்லை.

1971இல் கிரேஸுக்கும் குழுவின் பால் கான்ட்னருக்கும் மகள் பிறந்தாள். அதே ஆண்டு இருவரும் சேர்ந்து வெளியிட்ட ‘சன்ஃபைட்டர்’ ஆல்பத்தின் அட்டையில் அந்தக் குழந்தைதான் இருக்கிறது. ஐந்தே ஆண்டு இடைவெளி. ஒருவரைக் குழந்தை குழுவிலிருந்து வெளியே கொண்டுபோனது. இன்னொருவரின் குழந்தை ஆல்பத்தின் முகப்பாகியது. கிரேஸ் அதற்குள் புகழ்பெற்றிருந்தார், குழந்தையின் தந்தையும் அதே குழுவில் இருந்தார். ஒரு தாய் பாடலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது தாய்மை அன்று, அவளைச் சுற்றி இருந்த ஏற்பாடு. ‘சர்ரியலிஸ்டிக் பில்லோ’வை விடுதலையின் ஆல்பம் என்று எழுதும் பெண்ணிய விமர்சனமும் இதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

அந்த இரண்டு இரவுகளின் நிகழ்ச்சிப் பதிவுகளும் 2010இல் தனித்தனி ஆல்பங்களாக வந்தன. ஒன்று சிக்னியின் விடைபெறல், மற்றது கிரேஸின் அறிமுகம். இப்போது என் மகளோடு கேட்கும்போது தேதி வரிசையில்தான் கேட்கிறேன். முதலில் பதினைந்து, பிறகு பதினாறு.