கணக்குப் புஸ்தகத்தில் ஒரு குடும்பம்

வம்சாவளி எழுதும் ஆசை பெரும்பாலும் நிலம் உள்ளவர்களுக்குத்தான் வருகிறது. எந்த வயல் யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியிருப்பதால், யார் யாருக்குப் பிறந்தவன் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலமில்லாதவனுடைய பாட்டன் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. அதுவும் போகட்டும். நிலத்தைப் போலவே தானும் சொத்தாக எழுதப்பட்டுவிட்ட மனிதனுடைய வம்சாவளியை எங்கே போய்த் தேடுவது? ஆனெட் கார்டன்-ரீட் என்ற சட்டப் பேராசிரியை எழுதி 2008-ல் வெளிவந்த 'தி ஹெமிங்ஸஸ் ஆஃப் மான்டிசெல்லோ' என்ற சரித்திர நூல் இதற்குப் பதில் சொல்கிறது. எஜமானனுடைய கணக்குப் புஸ்தகத்தில் தேட வேண்டும் என்கிறது.

ஜான் வேல்ஸ் என்பவர் 1715-ல் இங்கிலாந்தில் லங்காஸ்டரில் பிறந்தவர். வர்ஜீனியாவுக்குப் போய் வக்கீல் தொழில் பார்த்தார். அடிமை வியாபாரத்திலும் கை வைத்தார். பெரிய மிராசுதாரர் ஆனார். மூன்று கல்யாணம் செய்துகொண்டு மூன்று மனைவியரையும் இழந்தார். பிறகு தம் வீட்டு அடிமைப் பெண்ணான எலிஸபெத் ஹெமிங்ஸிடம் ஆறு குழந்தைகளைப் பெற்றார். முதல் மனைவியின் மகள் மார்த்தாவை 1772-ல் மணந்தவர், பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்ஸன். அடுத்த வருஷம் மாமனார் இறந்தார். பாகப் பிரிவினையில் சுமார் 11,000 ஏக்கர் நிலமும், 135 அடிமைகளும், பெரிய கடன் சுமையும் ஜெபர்ஸனுக்கு வந்தன. அந்த 135 பேரில் எலிஸபெத்தும் அவள் குழந்தைகளும் அடக்கம். அதாவது, மார்த்தாவின் தம்பி தங்கைகள் அவளுக்குச் சீதனம் போல வந்து சேர்ந்தார்கள். கடைக்குட்டி ஸாலிக்கு அப்போது ஒரு வயதுகூடச் சரியாக ஆகவில்லை.

இதில் சட்ட விரோதம் எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் குழந்தையின் அந்தஸ்து தகப்பனைப் பொறுத்தது. வர்ஜீனியாவில் 1662-ல் ஒரு சட்டம் செய்து, தாய் எப்படியோ குழந்தையும் அப்படியே என்று மாற்றிவிட்டார்கள். ஒரு வரிச் சட்டம்தான். எஜமானன் தன் பிள்ளையையே ஆஸ்திப் பட்டியலில் எழுதிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. பேராசிரியை சட்டம் படித்தவராதலால் இந்த இடத்தை மிகத் தெளிவாக எழுதுகிறார். ஆத்திரப்படுவதில்லை. ஆத்திரத்தை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

ஜெபர்ஸன் எதையும் எழுதி வைக்கிற மனிதர். பண்ணைப் புஸ்தகம் என்று ஒன்று வைத்திருந்தார். யாருக்கு எத்தனை கஜம் துணி, யாருக்குக் கம்பளி, எத்தனை மீன், எந்த அடிமைப் பெண்ணுக்கு எந்த வருஷம் குழந்தை என்று அதில் இருக்கிறது. ஸாலியின் குழந்தைகளும் இருக்கிறார்கள். தகப்பன் பெயர் இல்லை. கம்பளி கொடுக்கிற கணக்குக்கு அது வேண்டியதில்லை அல்லவா?

தகப்பன் பெயரைச் சொன்னவன் மகன். ஸாலியின் பிள்ளை மாடிஸன் ஹெமிங்ஸ் 1873-ல் ஒஹையோவில் ஒரு பத்திரிகைக்குத் தன் வரலாற்றைச் சொன்னான். ஜெபர்ஸன் பாரிஸில் தூதராக இருந்தபோது, 1787-ல், அவருடைய சின்ன மகளுக்குத் துணையாக 14 வயது ஸாலி அங்கே போனாள். 1789-ல் அவர் ஊர் திரும்பும்போது அவள் வர மறுத்தாள். பிரான்ஸில் அவள் சுதந்திரம் கேட்டிருக்க முடியும். பிறக்கும் குழந்தைகளுக்கு 21 வயதில் விடுதலை தருவதாக அவர் வாக்களித்த பிறகே கப்பல் ஏறினாள். மாடிஸன் சொன்னது இது.

நூறு வருஷம் யாரும் இதைச் சாட்சியமாக மதிக்கவில்லை. ஜெபர்ஸனின் பேரப் பிள்ளைகள், அந்தக் குழந்தைகளுக்குத் தகப்பன் அவருடைய சகோதரி மகன்களில் ஒருவன் என்றார்கள், அதை மதித்தார்கள். இரண்டும் குடும்பத்தார் வாய்மொழிதான். ஒன்று வரவேற்பறையில் சொன்னது, இன்னொன்று முன்னாள் அடிமை சொன்னது. வித்தியாசம் அவ்வளவே. ஜெபர்ஸனின் வாழ்க்கையை ஆறு பாகங்களில் எழுதிய டூமாஸ் மலோன் இந்த உறவை ஒப்புக்கொள்ளவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் சிரத்தையாகத் தொகுத்த தேதிகளை வைத்துத்தான், ஸாலியின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்பது மாதம் முன்னால் ஜெபர்ஸன் மான்டிசெல்லோ வீட்டில் இருந்தார் என்பதைப் பிறர் கண்டார்கள். கார்டன்-ரீட் 1997-ல் எழுதிய முந்தின நூல் முழுவதும் இந்த ஓரவஞ்சனையை வக்கீல் போலக் குறுக்கு விசாரணை செய்வது. மறு வருஷம் ரத்தப் பரிசோதனை நடந்தது. ஜெபர்ஸனுக்கு வயசுக்கு வந்த ஆண் வாரிசு இல்லாததால் அவருடைய சிற்றப்பன் பெரியப்பன் வழி ஆண் சந்ததியாரின் ரத்தத்தை எடுத்தார்கள். ஸாலியின் கடைசி மகன் எஸ்டனின் சந்ததியார் ஒருவருடைய ரத்தம் அதோடு பொருந்தியது. சகோதரி மகன்களின் ரத்தம் பொருந்தவில்லை.

2008-ம் வருஷத்து நூல் வழக்காடவில்லை. வழக்கு தீர்ந்த பிறகு குடும்பத்தைப் பார்க்கிறது. பாரிஸில் சமையல் கற்ற அண்ணன் ஜேம்ஸ், தச்சு வேலையில் கை தேர்ந்த ஜான் என்று ஒவ்வொருவரும் தொழிலோடும் குணத்தோடும் எழுந்து வருகிறார்கள். நாவலாசிரியனுக்குப் பொறாமை உண்டாக்கும் பகுதிகள் இவை. ஸாலியிடம் வரும்போது மட்டும் நூல் தடுமாறுகிறது என்பது என் அபிப்பிராயம். அவள் எழுதிய ஒரு கடிதம் இல்லை, ஒரு படம் இல்லை. அவள் என்ன நினைத்திருப்பாள், என்ன உணர்ந்திருப்பாள் என்று பாரிஸ் அத்தியாயங்களில் பக்கம் பக்கமாக யோசிக்கிறார் ஆசிரியை. 'இருக்கலாம்', 'இருந்திருக்கக்கூடும்' என்று நேர்மையாகத்தான் சொல்கிறார். ஆனால் ஐம்பதாவது 'இருக்கலாம்' வரும்போது வாசகனுக்கு அலுத்துவிடுகிறது. நாவலாசிரியனாக இருந்தால் ஒரே தாவாகத் தாவிவிடுவான். சரித்திர ஆசிரியர் மௌனமாக நின்றுவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் வாசற்படியிலேயே நிற்பது கஷ்டமான காரியம். பதினாறு வயதுப் பெண் ஒரு ராஜதந்திரியிடம் பேரம் பேசி, அதில் ஜெயித்தாள் என்ற மொட்டைச் செய்தியே எனக்குப் போதும்.

ஜெயித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூத்தவர்களான பெவர்லியும் ஹாரியட்டும் 1822-ல் வீட்டை விட்டுப் போனார்கள். பண்ணைப் புஸ்தகம் அவர்களை ஓடிப்போனவர்கள் என்று குறித்திருக்கிறது. தேட ஆள் அனுப்பவில்லை. மாடிஸனையும் எஸ்டனையும் 1826-ல் உயில் விடுவித்தது. மறு வருஷம் கடனுக்காக மான்டிசெல்லோவில் சுமார் 130 பேரை ஏலம் போட்டார்கள். ஸாலியின் குழந்தைகளில் ஒருவரும் அந்த ஏலத்தில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். பெவர்லியும் ஹாரியட்டும் வெள்ளையராகவே வாழ்ந்து, வெள்ளையரையே மணந்துகொண்டார்கள். தாய் யார் என்று சொன்னால் குடி கெட்டுப்போகும். எஸ்டன் விஸ்கான்ஸினுக்குக் குடிபோய், தன் பெயரோடு ஜெபர்ஸன் என்று சேர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அவன் சந்ததியார் தாங்கள் ஜெபர்ஸனுக்கு ஏதோ சிற்றப்பன் வழி உறவு என்று குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். மாடிஸன் மட்டும் கறுப்பனாகவே இருந்தான். உண்மையான வம்சாவளி அவன் வீட்டில்தான் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் இருந்தது. பரிசோதனைக்கு வேண்டிய ரத்தமோ, அதை மறந்துவிட்ட எஸ்டன் வீட்டில் இருந்தது.