வீட்டுக்குப் போகச் சொல்லும் ஹாஸ்யம்

தொடர் ஹாஸ்ய நாடகத்தின் உருவம் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: அரைமணி நேரம் முடியும்போது எல்லாம் ஆரம்பித்த இடத்திற்குத் திரும்பியிருக்க வேண்டும். சண்டை போட்டவர்கள் சமாதானமாக வேண்டும். கிளம்பியவர்கள் வந்து சேர வேண்டும். அடுத்த வாரமும் அதே முகங்கள். யுத்தம் என்பதோ முகங்கள் திரும்பி வராமல் போவது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்ட முற்படுகிறவன் பார்வையாளனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கிரனாடா டெலிவிஷன் 1976-77இல் தயாரித்த 'யாங்க்ஸ் கோ ஹோம்', இந்த உருவத்தைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டது. வருஷம் 1942. லங்காஷயரில் ஒரு சின்ன ஊர். அங்கே முகாமிட்டிருக்கும் அமெரிக்க விமானப் படையினர். ரேஷனில் காலம் தள்ளும் ஊருக்குள் கை நிறையச் சம்பளத்தோடு அந்நியர்கள். 'சம்பளம் ஜாஸ்தி, சபலம் ஜாஸ்தி, போதாததற்கு இங்கேயே இருக்கிறார்கள்' என்று அந்நாளைய இங்கிலாந்தில் புழங்கிய கேலிதான் இதன் மூலதனம். தலைப்பே அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறது. போகமாட்டார்கள் என்று நமக்குத் தெரியும். போய்விட்டால் தொடர் ஏது? சிரிப்பு அந்த உத்தரவாதத்தில் பிறக்கிறது.

'டாட்ஸ் ஆர்மி' (1968-77) இதே உருவத்தில் ஜெயித்தது என்றால் காரணம் எளிமையானது. அதன் கிழட்டு ஊர்க்காவல் படை, வராத எதிரிக்காகக் காத்திருந்தது. எதுவும் நடக்காததே அங்கே விஷயம். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. விமானப் படையினர் விஷயம் அப்படியல்ல. இங்கிலாந்தில் தளம் அமைத்துப் பறந்த அமெரிக்க எட்டாவது விமானப் படை, யுத்தம் முடிவதற்குள் 26,000 பேருக்கு மேல் பறிகொடுத்தது. அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை.

லங்காஷயர் குண்டுவீச்சுத் தளங்களின் பிரதேசமல்ல, பர்டன்வுட்டும் வார்ட்டனும் விமானங்களைப் பழுது பார்த்த இடங்கள்தானே, என்று சமாதானம் சொல்லலாம். 1944 ஆகஸ்ட் 23 அந்தச் சமாதானத்தை அனுமதிப்பதில்லை. வார்ட்டனிலிருந்து சோதனைக்காகக் கிளம்பிய லிபரேட்டர் விமானம், புயல் மழையில் திரும்பி வரும்போது பக்கத்து ஊரான ஃப்ரெக்கிள்டன் மேல் விழுந்தது. 61 பேர் செத்தார்கள். அதில் 38 பேர் பள்ளிக்கூடத்துச் சிறு குழந்தைகள். படையினர் வந்துபோகும் சிற்றுண்டிக் கடை ஒன்றும் அதில் எரிந்துபோயிற்று. ஊர்க்காரரும் அந்நியரும் ஒரே மேஜையில் சந்திக்கும் இடம் -- ஹாஸ்ய நாடகம் தன் அரங்கமாக அமைத்துக்கொள்ளும் அதே இடம். அடுத்த வருஷம் அமெரிக்கப் படையினர் தங்கள் கையாலேயே அந்த ஊருக்கு ஒரு விளையாட்டு மைதானம் அமைத்துக் கொடுத்தார்கள். இந்த மனிதர்களுக்கும் ஊருக்கும் இடையில் இருந்தது கேலி மட்டுமல்ல.

ஹாஸ்யத்தில் சாவு எதற்கு என்று கேட்கலாம். குழந்தைகளின் சடலங்களை மேடையேற்ற வேண்டும் என்று நான் கோரவில்லை. உருவம் தான் மறைப்பது இன்னதென்று அறிந்திருக்கிறதா என்பதே கேள்வி. கொரிய யுத்தத்து ராணுவ ஆஸ்பத்திரியைப் பற்றிய அமெரிக்கத் தொடர் 'மாஷ்', 1975 மார்ச்சில் அதற்குப் பதில் சொன்னது. தளபதி ஹென்றி பிளேக்குக்கு விடுதலை கிடைக்கிறது, விருந்து, கேலி, கண்ணீர், வீட்டுக்குக் கிளம்புகிறார். கடைசிக் காட்சியில் குமாஸ்தா ராடார் அறுவைக் கூடத்திற்குள் வந்து, அவர் சென்ற விமானம் ஜப்பான் கடல் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படிக்கிறான். டாக்டர்களின் கைகள் வேலையை நிறுத்துவதில்லை. கோபக் கடிதங்கள் வந்தன. வரத்தான் செய்யும். அடுத்த வாரமும் அதே முகங்கள் என்ற ஒப்பந்தம் மீறப்பட்டுவிட்டது. அதுவரை சிரித்த சிரிப்பு எதன் மேல் நின்று சிரித்தது என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

அதற்கு மறுவருஷம் வந்த 'யாங்க்ஸ் கோ ஹோம்', வீட்டுக்குப் போ என்பதை வேடிக்கையான ஒரு விரட்டலாகத் தலைப்பில் வைத்துக்கொண்டது. யுத்தத்தில் அது விரட்டல் அல்ல. ஒவ்வொருவனும் மனதுக்குள் செய்துகொண்ட பிரார்த்தனை. இந்த வித்தியாசத்தைத் தொட முடியாத ஹாஸ்யம் லேசாக இருப்பது நகைச்சுவையினால் அல்ல. கனமானதைத் தூக்க மறுத்ததினால்.