தீயின் முன்னே தலை காத்த கவசங்கள்

தீயணைப்பு அருங்காட்சியகத்தின் தலைக்கவச வரிசையில் கண் முதலில் பித்தளையில்தான் நிற்கும். பளபளப்பு இழுக்கிறது, குற்றமில்லை. ஆனால் ஒரு கவசத்தின் தரத்தை அளக்க வேறு இரண்டு கேள்விகள் வேண்டும். எந்த ஆபத்தை மனதில் வைத்து இதைச் செய்தார்கள்? அந்த ஆபத்து வந்தபோது இது தாங்கியதா? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே பார்த்தால், மங்கிய பருத்திக் குல்லாய்க்கும் பித்தளைக் கவசத்துக்கும் சம இருக்கை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஜப்பானின் எடோ நகரம் மரத்தால் ஆனது. 1657-இல் மூண்ட மெய்ரெக்கிப் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை விழுங்கியது. தீயின் மேல் போதுமான தண்ணீரைப் பீய்ச்சும் வழி அன்று இல்லை. பக்கத்து வீடுகளை இடித்துத் தள்ளித் தீயின் பாதையை மறிப்பதே வேலை. பறக்கும் பொறியும் அனலும்தான் எதிரி. 1720 வாக்கில் ஒழுங்குபடுத்தப்பட்ட நகரத் தீயணைப்புக் குழுக்கள் பல அடுக்குப் பருத்தித் துணியை நெருக்கமாகத் தைத்த முக்காட்டை அணிந்தன. தீயை நெருங்குமுன் அதை நீரில் நனைத்துக்கொள்வார்கள். பிரபுக்களின் படையினரோ குலச்சின்னம் பதித்த கவசம் அணிந்தார்கள். அதிலிருந்து கழுத்தையும் தோளையும் மூடும் கம்பளித் துணி தொங்கும். அழகில் பிரபுக்களின் கவசம் வெல்லும். ஏழைத் தொழிலாளியின் நனைந்த முக்காடு வேலைக்கு உகந்தது என்றே எனக்குப் படுகிறது.

நியூயார்க் மரபுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. பயணப் பெட்டி செய்யும் தொழில் தெரிந்த தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஹென்றி கிராட்டகேப். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தன் தொழிலறிவைத் தலைக்கவசத்தில் இறக்கியவர். பதனிட்ட கெட்டித் தோலை எட்டுத் துண்டுகளாக வெட்டி இணைத்தார். ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: துண்டுகள் சேரும் இடமெல்லாம் உச்சியிலிருந்து கீழ்நோக்கி விலா எலும்பு போலப் புடைத்து நிற்கும். மேலிருந்து விழும் கல்லோ கட்டையோ தலையில் நேராக இறங்காமல் இருக்க அந்தப் புடைப்புகள் உதவின. முன்விளிம்பு குறுகியது, பின்விளிம்போ நீண்டு கழுத்துக்குக் கூரையாகச் சரியும். குழாய்த் தண்ணீரும் எரியும் துகளும் சட்டைக் கழுத்துக்குள் புகாமல் வழிந்தோடும். முகத்தில் அனல் அடித்தால் கவசத்தை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொள்வதும் உண்டு. விளிம்பில் அழுத்திய பூவேலைப்பாட்டையும் விடக் கூடாது. செய்தவனின் கைத்திறனுக்கு அது சாட்சி. நெற்றியில் நிற்கும் தோல் பட்டயத்தில் குழுவின் எண் இருக்கும். அந்த முன்பட்டயத்தால் பேர்பெற்ற கெய்ர்ன்ஸ் சகோதரர்களே பிறகு கிராட்டகேப்பின் தொழிலையும் ஏற்றார்கள்.

பிலடெல்பியாவின் உயரமான தொப்பிகள் வேறு கதை. அழுத்திய கம்பளியில் செய்து, முன்புறம் குழுவின் பெயரையும் படத்தையும், உச்சியில் உடையவரின் பெயரெழுத்துகளையும் தீட்டியவை. ஊர்வலத்துக்கானவை, தீயின் முன் நிற்கத் தோதற்றவை. இவற்றை ஓவிய மரபில் வைத்தே மதிக்க வேண்டும்.

பாரிஸ் மரபில் ராணுவ வாசனை அடிக்கும். 1810 ஜூலையில் ஆஸ்திரியத் தூதரின் விருந்தில் நேர்ந்த கொடிய தீவிபத்துக்குப் பிறகு, 1811-இல் நெப்போலியன் தீயணைப்புப் படையை ராணுவப் பிரிவாக நிறுவினார். குதிரைப்படையின் சாயலில் முகடு வைத்த பித்தளைக் கவசம் அங்கே வேரூன்றியது. லண்டன் படையின் தலைவர் கேப்டன் ஷா அந்த வடிவத்தைத் தம் படைக்குக் கொண்டுவந்தார். லண்டன் கவசத்தின் முகட்டில் டிராகன் படுத்திருக்கும்; நெற்றியில் குறுக்கே வைத்த கோடரிகள். அதிகாரிகளுக்கு வெள்ளி நிறம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை இந்த அச்சு பரவியது. முகடு வெறும் ஒப்பனையல்ல. விழும் பொருளின் அடியைத் தலைக்கு மேலேயே வாங்கிக்கொள்ளும். ஆனால் வீடுகளுக்குள் மின்கம்பி வந்தபின் பித்தளையே ஆபத்தாயிற்று. அறுந்து தொங்கும் கம்பி தொட்டால் உலோகம் மின்சாரத்தைத் தலைக்குக் கடத்தும். 1930-களில் லண்டன் அழுத்திய கார்க் கவசத்துக்கு மாறியது. தோற்றத்தில் எளிமை, காப்பில் ஒரு படி மேல். இந்த மாற்றத்தை விளக்காமல் பித்தளையை மட்டும் கண்ணாடிப் பேழையில் வைப்பது பார்வையாளருக்குச் செய்யும் அநீதி.

பித்தளையைப் பாதுகாப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறை தேய்த்துத் துலக்கும்போதும் உலோகம் சிறிது கரைகிறது. டிராகனின் செதில்கள் மழுங்குகின்றன. தீப்பட்ட நெளிவையும் கறையையும் அழித்துவிட்டால் அந்தக் கவசம் வேலை பார்த்த கதையே போய்விடும். அவற்றை அப்படியே விட வேண்டும்.

1985-இல் கல்லே நிறுவனம் பாரிஸ் படைக்காக உருவாக்கிய எஃப்1 கவசம், தாடையை நெருங்கி இறங்கும் கூடும் உள்ளே மடங்கும் முகமறைப்பும் கொண்டது. இன்றைய ஐரோப்பியத் தரவிதி இஎன் 443 மோதல், துளைப்பு, அனல், சுடர், மின்சாரம் என ஒவ்வோர் ஆபத்தையும் தனித்தனியே சோதிக்கச் சொல்கிறது. நியூயார்க்கிலோ தோல் கவசம் இன்னும் விடைபெறவில்லை. உள்ளே மோதல் தாங்கும் அடுக்கைப் பொருத்தி, அமெரிக்கத் தரச் சோதனையில் தேறிய பிறகு, அதே நீண்ட பின்விளிம்போடு இன்றும் வீரர்கள் அதை அணிந்து தீக்குள் போகிறார்கள்.