டோட்டோ-சானில் ஒரு சமையலறைக் காட்சி

டெட்சுகோ குரோயானாகியின் 'டோட்டோ-சான்' (1981) நூலைப் புகழ்பவர்கள் ரயில்பெட்டி வகுப்பறைகளோடு நின்றுவிடுகிறார்கள். என்னை உலுக்கியது வேறு இடம். வளர்ச்சி நின்றுபோன சிறுவன் தகாஹாஷியிடம் ஆசிரியை விளையாட்டாக, "உனக்கு வால் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறார். தலைமையாசிரியர் கோபயாஷி அவரைப் பிள்ளைகள் எதிரில் அல்ல, சமையலறையில் வைத்துக் கண்டிக்கிறார். அதே பையன் ஜெயிக்கும்படி விளையாட்டு விழாப் போட்டிகளையே மாற்றி அமைத்தவர் அவர். அந்த ஆசிரியை அப்புறம் எப்படிப் பாடம் நடத்தினார்? நூலாசிரியர் அதைத் தொடரவில்லை, புகழெல்லாம் கோபயாஷிக்கே. எனக்கு இது பெரிய குறை. சுமார் ஐம்பது பிள்ளைகள் படித்த பள்ளிக்கு ஒரு கோபயாஷி போதும். இங்கே ஒரு வகுப்பிலேயே அத்தனை பேர். என் மகள் வாய் திறந்தாலே "இட்லி-சாம்பார்" என்று சிரிப்பு. டீச்சரும் சேர்ந்து சிரித்தாராம். பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "மஜாக் தானே, அங்கிள்ஜி" என்றார்கள்.