இராசமாபுரத்துப் பொறிகள்

சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887இல் அச்சேற்றினார். அந்நூலில் வரும் மயிற்பொறியை இன்று கேள்விப்படாத தமிழர் அரியர். ஆயின் மேடைகளில் அம்மயில் படும் பாடு பெரிது. விமானம் கண்டவன் தமிழனே என்பதற்குச் சான்றாக அதனைக் காட்டிக் கைதட்டல் பெறுகின்றனர். காவியத்தை உரிமைப் பத்திரம்போல் நீட்டுவது புலவர்க்குப் பெருமை ஆகாது. திருத்தக்கதேவர் எழுப்பியது கற்பனை நகர். அதில் பொறிகளை எங்கே வைத்தார், எதற்கு வைத்தார் என்பதன்றோ நாம் கேட்க வேண்டுவது?

நாமகள் இலம்பகத்தில் இராசமாபுரத்து மதிலைக் காண்க. நூறு பேரை ஒருங்கே கொல்லும் பொறி அங்கே உண்டு. இரும்புப் பன்றி, முட்டும் ஆட்டுக்கடா, குரங்கு, பாம்பு, கொக்கு, கூகை, பாவை எனத் திருவிழாக் கடைப் பொம்மைகள் போன்ற உருவங்களும் உண்டு. உருகிய செம்பையும் கொதிக்கும் நெய்யையும் உமிழ்வன வேறு. இவற்றை அமைத்தவர் யவனர் என்றும் புலவர் சொல்கிறார். (மேடைப் பேச்சாளர் இச்சொல்லை மட்டும் விரைந்து கடந்துவிடுவர்!)

கவிதை என்ற வகையில் இப்பகுதி தளர்ந்ததே. பெயர்கள் அடுக்கப்படுகின்றன, ஒரு பொறியேனும் இயங்குவது நம் கண்முன் நிற்பதில்லை. சிலப்பதிகாரத்து மதுரை மதிலிலும் இத்தகைய அடுக்கு உண்டு. முன்னோர் மரபைப் பின்பற்றினார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆயினும் மயிலை நோக்கும்போது அவ்வாறு முடிக்க மனம் வரவில்லை.

கனவொன்றால் கலங்கிய சச்சந்தன் பெருந்தச்சனை அழைக்கிறான். அவன் துணி, நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு ஏழே நாளில் மயிலைச் செய்து முடிக்கிறான். வலப்புறம் திருகினால் மேகத்தைப் பிளந்து எழும்; இடப்புறம் திருகினால் காலைக் குவித்து இறங்கும். வகுப்பில் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். புலவர் விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறார். அதுமட்டுமா? கருவுற்ற விசயை மாடத்தின்மீதும் சோலையின்மீதும் சில நாள் ஓட்டிப் பழகுகிறாள். பயிற்சியையும் மறவாத புலவரை ஆசிரியராகிய நாம் மெச்சாதிருக்க முடியுமா?

இனிக் கதையைப் பாருங்கள். ஆட்சியைக் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தவன் அரசனே. ஆகவே பகை அகழியைத் தாண்டி வரவில்லை, மதிலுக்குள்ளேயே வளர்ந்தது. அமைச்சனின் படை அரண்மனையைச் சூழ்ந்த வேளையில், புறத்தே நோக்கி நின்ற பன்றிக்கும் கூகைக்கும் வேலையே இல்லை. அத்தனை பொறிகளும் வாளா நிற்க, துணியும் மெழுகுமான மயில் ஒன்றே பயன்பட்டது. அதுவும் எவ்வளவு தொலைவு? கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு விசயை மயங்க, மயில் சுடுகாட்டில் இறங்கிவிடுகிறது. சீவகன் பிறப்பது அங்கேதான்.

மதிற் பாடல்களை விடுத்து மயிலை மட்டும் எடுத்துக் கூறினால் அது வெறும் மாயக் கதையாகிவிடும். அந்த மதிலைக் கண்டவர்க்கே இந்த மயிலின் எளிமை விளங்கும். பாடம் நடத்தும் நண்பர்கள் முதலில் மதிற் பாடல்களைப் படித்துக் காட்டுவார்களாக. கடுஞ்சொற்களுக்கு நச்சினார்க்கினியர் உரை இருக்கவே இருக்கிறது.