தனி ஆவர்த்தனம் யாருடையது?

நாகசுர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க ஒரு காலத்தில் பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். இன்று கைப்பேசியில் பெயரைத் தட்டினால் போதும். நாகசுரம் பழகும் கிராமத்துப் பிள்ளைக்கும் டொராண்டோவில் இருக்கும் ரசிகருக்கும் அது ஒன்றுபோலக் கிடைக்கிறது. சபா வாசலையே மிதிக்காதவர்களும் செவ்வியல் இசையைத் தேடிக் கேட்கிறார்கள். இது பெரிய விஷயம். வசதி வந்ததால் ரசனை கெட்டது என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை.

கோளாறு கணக்கு வைக்கும் முறையில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பதிவு 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. மூன்று நிமிடத் திரைப்பாட்டும் ஒரு கேட்பு, நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியும் ஒரு கேட்பு. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்பைத் தொடாத பதிவுக்கு அங்கே பங்குத் தொகையும் கிடையாது. நின்று நிதானமாகப் பாடுபவருக்கு இதில் நஷ்டம்தான். 78 சுழற்சி இசைத்தட்டும் வித்வான்களை மூன்று நிமிடத்துக்குள் அடக்கியது உண்மை. ஆனால் அந்தத் தட்டில் அவ்வளவுதான் இடம் இருந்தது. இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை.

செயலியில் ஒரு கச்சேரிப் பதிவைத் திறந்தால் பெரும்பாலும் ராகம் ஒரு துண்டு, பல்லவி ஒரு துண்டு, மிருதங்கக்காரர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் இன்னொரு துண்டு. ஷஃபிளில் போட்டால் ஆலாபனை முடிந்த கையோடு சம்பந்தமில்லாத ஒரு துக்கடா வந்து நிற்கும். மிருதங்கம் கோர்வையை முடிக்க, பாடகர் பல்லவியை மறுபடி எடுக்கும் இடத்துக்காகவே சபையில் காத்திருப்போம். துண்டு போடும்போது அந்த இடம்தான் முதலில் அடிபடுகிறது.

அதைவிட உறுத்துவது வேறொன்று. தனி ஆவர்த்தனத் துண்டின்மேல் பாடகர் பெயர்தான் இருக்கும். அவர் அதில் தாளம் மட்டுமே போட்டிருப்பார். கால் மணி நேரம் வாசித்தவரின் பெயரைத் தேடினாலும் பல பதிவுகளில் கிடைக்காது. கேசட் உறையில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர் இருந்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் திரைப்பாட்டுக்கே படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று சொல்லி ஒலிபரப்பினார்கள். அதைக் கேட்டே பாட்டெழுதியவர்களை அறிந்துகொண்ட தலைமுறை நம்மிடம் உண்டு.

பதிவேற்றும்போது நிரப்பும் விவரங்களில் வாத்தியக் கலைஞர்களுக்கும் இடம் இருக்கிறது. இசை நிறுவனங்கள் அதை வெறுமையாக விடுகின்றன. கேட்கிற நாமும் யார் வாசித்தது என்று கேட்பதில்லை.