வீட்டுத் தச்சுப் பட்டறை

தச்சு வேலையைப் பிழைப்புக்காக அன்றி ரசனைக்காக மேற்கொள்ளும் ஒருவர், வீட்டின் பின்கட்டிலோ மாடிக் கொட்டகையிலோ ஒரு சிறு பட்டறை அமைக்க எண்ணியதும், அவர் மனம் பெரும்பாலும் யந்திரங்களையே நாடும். ஆனால் மரத்தின் சுபாவத்தை உள்ளபடி அறிந்து ஆனந்திக்க வேண்டுமானால், ஆடாத ஒரு வேலைமேஜை, ஒரு ரம்பம், இரண்டு மூன்று உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், எல்லாவற்றுக்கும் தலையாய ஓர் இழைப்புளி, அதைத் தீட்ட நல்ல சாணைக்கல் ஆகியவையே தொடக்கத்துக்குப் போதும் என்பது என் துணிபு.

மேஜை கனமாக இருக்க வேண்டும். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எட்டும் உயரம் இழைப்புக்கு உகந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு அதைப் போட்டுக்கொண்டால், பலகையின் மேடுபள்ளங்கள் நிழலாகத் தாமே புலப்படும்.

இனி இழைப்புளி. இந்தக் கருவியின் உயிர் முழுவதும் அதன் அலகின் நுனியில் இருக்கிறது. கட்டைக்குள் சுமார் 45 பாகைச் சாய்வில் அமரும் அந்த அலகைத் தீட்டுவதில், பலரும் முன்புறச் சாய்வை மட்டும் பளபளக்கச் செய்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். கூர் என்பது இரு தளங்கள் கூடுமிடமாதலால், பின்புறத்தையும் கல்லில் வைத்துச் சமமாக்காதவரை அது கைகூடுவதில்லை. சாய்வை 25 பாகையில் சாணைபிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டிக்கொண்டே வந்தால், மறுபுறத்தில் மெல்லிய பிசிர் ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அதையும் நீக்கிவிட்டுப் பலகைமேல் ஓட்டும்போது, சீவல் அறுபடாமல் சுருண்டு எழ, சரசரவென்ற ஓசை ஒரே சுருதியில் நீடிக்க, இழைத்த பரப்பு உப்புத்தாள் தேய்த்த எந்தப் பரப்பிலும் காணவியலாத ஒளியுடன் கண்முன் விரிகிறதே, அந்தக் காட்சிக்காகவே ஒருவர் பட்டறை வைத்துக்கொள்ளலாம்.

மரத்துக்கு வாகு உண்டு. வாகோடு இழைத்தால் இணங்கும். எதிர்வாகில் இழைத்தால் நார் பெயர்ந்து குழிவிழும். வேம்பிலோ நார்கள் அடுக்குக்கு அடுக்குத் திசைமாறிப் பின்னிக்கிடப்பதால், எப்புறம் திருப்பினாலும் ஓரிடத்தில் முரண்டுபிடிக்கும். அலகை மயிரிழையளவே வெளியே நீட்டி, பொறுமையாகச் சீவ வேண்டும். தேக்கு அத்தனை அடம் பிடிப்பதில்லை. ஆயினும் அதனுள் மணற்சத்து கலந்திருப்பதால் கூர் விரைவில் மழுங்கும். பலாவின் வைரம் அறுத்தவுடன் பொன்மஞ்சளாய் ஒளிர்ந்து, வெளிச்சம் படப்பட வருஷக்கணக்கில் பழுப்பேறி முதிர்வது தனி அழகு.

அறுத்துப் பலகையான பின்னும் மரம் அசைவதை நிறுத்துவதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி அகலத்தில் விரிந்து, கோடையில் சுருங்கும்; நீளத்திலோ மாற்றம் அற்பமே. நம் பழைய வீட்டுக் கதவுகளைக் கூர்ந்து பார்ப்பவர்கள் இதன் விளக்கத்தை அங்கேயே காணலாம்: சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகப் பூட்டி, அவற்றின் உட்புறக் காடியில் பலகையைப் பசையோ ஆணியோ இன்றிச் செருகியிருப்பார்கள், பலகை தன் இஷ்டப்படி அசையலாம், கதவின் அளவோ மாறாது. இதைக் காட்டிலும் சிறந்த யுக்தி தச்சுக்கலையில் வேறில்லை என்பேன்.

மரத்தின் குணத்தோடு இவ்வாறு இசைந்து போவதில் உச்சம் கண்டவர் ஜார்ஜ் நாகாஷிமா. 1930களில் புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணிக்கு வந்து, அதன் மரச்சாமான்களையும் வடிவமைத்த இந்தக் கட்டடக் கலைஞர், போர்க்காலத்தில் அமெரிக்காவில் முகாமில் அடைபட்டிருந்தபோது ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலை பயின்று, பிற்பாடு பென்சில்வேனியாவில் தம் பட்டறையை நிறுவினார். பலகையின் வெடிப்பை மறைக்காமல், பட்டாம்பூச்சி வடிவச் சிறு கட்டையைக் குறுக்கே பதித்து நிறுத்திய அவருடைய மேஜைகள் உலகப் பிரசித்தம்.

பட்டறை தொடங்க விரும்பும் அன்பர்கள் புது மரத்துக்குப் பெரும்பணம் செலவிட வேண்டாம். பழைய வீடு இடிபடும் இடங்களில் விற்கும் தேக்கு உத்தரத் துண்டுகள் பல்லாண்டு உலர்ந்து பக்குவப்பட்டவை. உள்ளே ஆணி மறைந்திருக்கிறதா என்று காந்தத்தால் சோதித்துவிட்டு, அவற்றில் ஒன்றை வாங்கி இழைத்துப் பாருங்கள்.